கைக்குப் பழகிய பக்கம்

குவைத்திலிருந்து வந்து இறங்கிய என் அப்பா, எங்கள் பக்கத்து வழக்கில் நைனா, முதல் வேலையாக வாடகைக் கார் டிரைவரின் மடியில் உட்காரப் போனார். சென்னை விமான நிலையத்தில் பெட்டிகளை ஏற்றிவிட்டு, முன்சீட்டில் உட்காரலாம் என்று வலப்பக்கக் கதவைத் திறந்தவர், அங்கே ஏற்கெனவே ஓர் ஆள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துத் திகைத்து நின்றார். நீங்களே ஓட்டிக்கொண்டு வருகிறீர்களா என்று டிரைவர் மரியாதையாகக் கேட்டான். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்கு அவரைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் போனில் கேட்கிற குரலுக்கு இவ்வளவு உயரமான உடம்பு இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அந்த ஊரில் வண்டிகளுக்கு ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்குமாம். சாலையில் வலப்பக்கமாகப் போவார்களாம். கியரை நாம் மாற்ற வேண்டியதில்லை, வண்டியே மாற்றிக்கொள்ளுமாம். இதையெல்லாம் வரும் வழியில் மாமா எனக்கு விளக்கினார். அவர் வாழ்க்கையில் தாண்டிய ஒரே எல்லை தமிழ்நாட்டு எல்லைதான். எங்கள் ஊர் ஆந்திராவில், எல்லையை ஒட்டி, நகரிக்கும் புத்தூருக்கும் இடையில் இருப்பதால் அதைத் தாண்டாமல் யாராலும் இருக்க முடியாது. ஆனாலும் குவைத்தைப் பற்றி மாமாவுக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

நைனா அங்கே ஒரு பெரிய வீட்டில் டிரைவர். அந்த வீட்டாரைக் கடைக்கு, ஆஸ்பத்திரிக்கு, பள்ளிக்கூடத்துக்கு என்று எங்கே சொன்னாலும் கொண்டுபோய்விட்டுக் கூட்டிவர வேண்டும். நான் நடக்கத் தொடங்குவதற்கு முன்பே போனவர். நடுவில் ஒருமுறை வந்திருக்கிறார். அது எனக்குப் புகைப்படமாகத்தான் நினைவிருக்கிறது. இந்த முறை வந்தபோது நான் நான்காம் வகுப்பு முடித்துக் கோடை விடுமுறையில் இருந்தேன்.

கோடை விடுமுறை என்றால் மற்றப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். எங்கள் பக்கத்தில் அதுதான் மாம்பழக் காலமும். பழக்கூழ் ஃபேக்டரியில் ஆள் எடுப்பார்கள். அம்மா விடியும்போது வேனில் ஏறிப் போனால் இருட்டுகிற நேரத்துக்குத்தான் வருவாள். நான் கழுத்தில் சாவியோடு வீட்டுக்கும் வாசலுக்குமாக அலைவேன். தெருவில் பிள்ளைகள் இருந்தார்கள். ஆனால் மத்தியானம் ஆனதும் ஒவ்வொருவரையும் யாராவது ஒருவர் சோறு துன்ன வா என்று கத்திக் கூப்பிடுவார்கள். என்னைக் கூப்பிட ஆள் கிடையாது என்பதால் நானே எழுந்து போய்விடுவேன், கூப்பிட்ட மாதிரி. அம்மா மூடிவைத்துவிட்டுப் போன சோற்றைப் போட்டுத் தின்றுவிட்டு, வேப்பமரத்தடியில் நிற்கும் மாமாவின் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டியில் ஏறிக்கொள்வேன். மாமா விடிகாலையில் காய்கறி லோடு அடித்துவிட்டு வந்து பகல் முழுக்கத் தூங்குகிறவர். ஸ்டியரிங் பக்கம் உட்காரும் ஆசை எனக்கு இருந்ததில்லை. இடப்பக்கச் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, காலியாகக் கிடக்கும் டிரைவர் சீட்டைப் பார்த்து அன்றைக்கு நடந்ததைச் சொல்லிக்கொண்டிருப்பேன். தனியாக இருப்பது எனக்குப் பிடித்திருந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். துளியும் பிடிக்காது. பழகியிருந்தது, அவ்வளவுதான்.

நைனா வந்த மறுநாளிலிருந்து ஊரில் ஒரே வேடிக்கை. குவைத்துக்குப் போவதற்கு முன் கரும்பு டிராக்டர், ஷேர் ஆட்டோ, லாரி என்று எல்லாவற்றையும் ஓட்டிக் கிழித்தவர் அவர். அப்படிப்பட்டவர் மாமாவின் பைக்கை வாங்கிக்கொண்டு புத்தூர் சாலையில் நேராக வலப்பக்கம் ஏறி, எதிரில் வந்த கரும்பு டிராக்டருக்கு நேருக்கு நேராகப் போய் நின்றார். பின்னால் உட்கார்ந்திருந்த மாமா, மலையில் இருக்கிற சாமியில் தொடங்கி ஊர் எல்லையில் இருக்கிற சாமிவரை எல்லோரையும் கூப்பிட்டுவிட்டார். சாலையைக் கடக்கும்போது நைனா வண்டியே வராத பக்கத்தைக் கவனமாகப் பார்த்துவிட்டு நடுச்சாலைக்குப் போவார். குட்டியானையை ஓட்டிப் பார்த்தபோது கிளட்சு என்று ஒன்று இருப்பதையே அவர் இடது கால் மறந்திருந்தது. நிறுத்தும் இடத்திலெல்லாம் வண்டி ஒரு குதி குதித்து அணைந்தது. தெருமுனையில் திரும்புவதற்கு இண்டிகேட்டரைப் போடுவதாக நினைத்து வைப்பரைப் போட்டுவிடுவார். அங்கே இண்டிகேட்டர் இருக்கிற பக்கத்தில் இங்கே வைப்பர். அக்கினி வெயிலில் வைப்பர் ஆடிக்கொண்டே வண்டி வரும். மழை வருது, மழை வருது என்று பிள்ளைகள் பின்னாலேயே ஓடுவார்கள். நைனா கோபப்பட மாட்டார். சங்கடமாகச் சிரிப்பார். வாடிக்கையாகச் செய்கிற வேலை கைமறந்து போனவனுக்கு எவ்வளவு கூச்சமாக இருக்கும் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. நானும் சேர்ந்து மழை வருது என்று கத்தினேன். அதில்தான் எங்களுக்குள் வெட்கம் போயிற்று.

இந்த நேரத்தில் மாமா திருப்பதியிலிருந்து ஒரு செய்தி கொண்டுவந்தார். அங்கே பக்தர்களை மலைக்கும் திருச்சானூருக்கும் காளஹஸ்திக்கும் அழைத்துப்போகிற ஒரு டிராவல்ஸில் டிரைவர் தேவையாம். ஓட்டிக் காட்டினால் உடனே வேலை. முதலாளி நல்ல மாதிரி. சம்பளம் குவைத் அளவுக்கு இல்லைதான். ஆனால் ராத்திரி கடைசி பஸ்ஸைப் பிடித்தால் வீட்டுக்கு வந்துவிடலாம்.

அம்மா அன்றைக்குக் குழம்பில் இரண்டு தரம் உப்புப் போட்டாள். நைனா தட்டைப் பார்த்தபடியே மாமாவிடம், "ரோடே இன்னும் பழகலயேடா, எப்டிடா ஓட்டிக் காட்றது?" என்றார்.

"நான் பழக்கி உட்றேன் மாமா. நீ போய்க்கினே இரு, நான் பார்த்துக்கறேன்," என்றார் மாமா. அவர் நைனாவை மாமா என்பார், நான் அவரை மாமா என்பேன். அந்தக் கோடையில் வீட்டில் மாமா என்று கூப்பிட்டால் இரண்டு பேர் திரும்புவார்கள்.

பயிற்சி வற்றிப்போன ஏரிக்குள் நடந்தது. மாமா ஒரு கோயில் சிவப்புக் கயிற்றை நைனாவின் இடது மணிக்கட்டில் கட்டினார். கயிறு கட்டின கைதான் கியர் கை. கயிறு இல்லாத கை இண்டிகேட்டர் கை. இது வேலை செய்தது. கிளட்சுக்கு மாமா ஒரு வழி கண்டுபிடித்தார்: இடது காலில் மட்டும் செருப்பைக் கழற்றிவிட வேண்டும். வெறுங்காலில் கிளட்சு படும்போது அது இருப்பது ஞாபகத்துக்கு வருமாம். இதுவும் வேலை செய்தது. மிச்சமிருந்தது சாலையின் பக்கம் ஒன்றுதான். நேராகப் போகும்வரை நைனா சரியாகப் போனார். ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் வண்டி தானாக வலப்பக்கத்தைத் தேடியது. அதற்குத்தான் என்னை வேலைக்கு வைத்தார்கள். நான் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, திருப்பம் வரும்போதெல்லாம் "எடது, நைனா" என்று சொல்ல வேண்டும்.

என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு பொறுப்பு எனக்குக் கிடைத்ததில்லை. ஏரிக்குள் சாலை கிடையாது. மாமா செங்கற்களை அடுக்கித் திருப்பங்கள் செய்திருந்தார். சாயங்காலம் முழுக்க நாங்கள் அந்தச் செங்கற்களைச் சுற்றிச் சுற்றி வந்தோம். எடது, நைனா. எடது, நைனா. நான் சொல்லச் சொல்ல அவர் திருப்புவார். நான் சொல்வதை அவர் கேட்டுக்கொண்டே இருந்தால் இங்கேயே இருந்துவிடுவார் என்று நான் நம்பினேன். அந்த வேலை அவருக்குக் கிடைக்க வேண்டும் என்று நான் விரும்பியதைப்போல எதையும் நான் விரும்பியதில்லை. தூக்கத்தில்கூட எடது எடது என்று உளறினேன் என்று அம்மா பிறகு சொல்லியிருக்கிறாள்.

ஓட்டிக் காட்டும் நாள் வந்தது. நானும் கூடப் போவதென்று முடிவாயிற்று. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று முதலாளியிடம் சொல்லிக்கொள்ளலாம். அது பொய்யும் இல்லை. முதலாளி எதிரில் எடது என்று சொன்னால் அசிங்கம் என்பதால் அதற்குப் பதிலாக நான் இருமுவதென்று ஏற்பாடு. பஸ்ஸில் போகும்போது வழியெல்லாம் இருமிப் பழகிக்கொண்டு போனேன். பக்கத்தில் இருந்த அம்மாள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாள்.

முதலாளி நெற்றி நிறைய நாமம் போட்ட, தொந்தி பெருத்த மனிதர். தெலுங்குக்காரர், எங்களிடம் தமிழில் பேசினார். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, பிறகுதான் சாவியைக் கொடுத்தார். வெள்ளை நிறக் கார். உள்ளே சாமி படமும் மல்லிகை வாசனையும். பக்தர்கள் உட்காரும் இடத்திலிருந்து பார்த்தால்தான் டிரைவரின் லட்சணம் தெரியும் என்று சொல்லிப் பின்சீட்டில் ஏறிக்கொண்டார். நான் முன்னால் ஏறினேன். பெல்ட் போடுகிற வழக்கமெல்லாம் எங்களுக்கு அப்போது இல்லை. நைனா இடது கால் செருப்பை மெதுவாகக் கழற்றிச் சீட்டுக்கு அடியில் தள்ளினார்.

அவர் அன்றைக்கு ஓட்டியது என் கண்ணிலேயே நிற்கிறது. பஸ் ஸ்டாண்ட் நெரிசலில் ஒரு குலுக்கல் இல்லை. இண்டிகேட்டர் போட்டால் இண்டிகேட்டர்தான் விழுந்தது. திருப்பம் வரும்போது நான் இருமினேன், அவர் இடப்பக்கம் சேர்ந்துகொண்டார். கொஞ்ச தூரம் போனதும் முதலாளி பின்னாலிருந்து எனக்கு ஒரு மிளகு மிட்டாய் நீட்டினார். பாப்பாவுக்குச் சளி கட்டியிருக்கிறது, வெந்நீர் கொடுங்கள் என்றார். நைனா தலையை ஆட்டினார். அவருடைய உதட்டோரத்தில் சிரிப்பு வந்து நின்றது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து இந்த உலகத்தையே ஏமாற்றிக்கொண்டிருப்பதுபோல இருந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

திருச்சானூர் நெருங்கும்போது முன்னால் போன ஷேர் ஆட்டோ, கை காட்டிய யாரோ ஒருவருக்காக நட்டநடுச் சாலையில் நின்றுவிட்டது. அந்தப் பக்கத்து ஆட்டோக்களுக்கு அது வாடிக்கை. நைனா பிரேக்கை அழுத்தினார். கிளட்சை மறந்தார். கார் ஒரு தூக்குத் தூக்கி அணைந்தது. அதே நொடியில் அவருடைய வலது கை ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, சடாரென்று பக்கவாட்டில் நீண்டு, ஜன்னல் கண்ணாடியில் போய் டமாரென்று மோதியது. இடப்பக்கம் இருந்த நான் முன்னால் பாய்ந்து டேஷ்போர்டில் நெற்றியை இடித்துக்கொண்டேன்.

வலித்தது. ஆனால் வலியைவிட ஆச்சரியம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. ஒரு மனிதர் பிரேக் போட்டுவிட்டு எதற்காகக் கதவை அடிக்க வேண்டும்? நைனாவின் கை கண்ணாடியோடு ஒட்டியபடி, விரல்களை விரித்துக்கொண்டு அப்படியே இருந்தது. அவர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மறுபடியும் கையைப் பார்த்தார். பின்னாலிருந்து ஹாரன்கள் கத்தின. அவர் காதில் எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை.

முதலாளி எட்டி என் நெற்றியைப் பார்த்தார். "பர்லேதுப்பா, பரவால்ல, ரத்தம் வரல. கல்ஃப்ல இருந்து வந்தவங்களுக்கு மொதல்ல இப்டித்தான் ஆவும். பத்து நாள்ல சரிபோயிடும். திங்கக்கெழம வந்து வண்டி எட்த்துக்கோ," என்றார்.

எனக்கு நெற்றி வலி போய்விட்டது. வேலை கிடைத்துவிட்டது. நான் நைனாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் வண்டியைக் கிளப்பி, ஓரம் கட்டி, அணைத்து, சாவியை உருவி, பின்னால் திரும்பி முதலாளியிடம் நீட்டினார்.

"வேணாம் சார். மல ரோட்ல இப்டி ஆச்சுன்னா இன்னா சார் பண்றது?" என்றார். முதலாளி என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். மலைப்பாதைக்கு உடனே அனுப்ப மாட்டேன், கொஞ்ச நாள் கீழேயே ஓட்டு என்றார். நைனா தலையைக் குனிந்துகொண்டு, "என் கை இன்னும் அங்கதான் கீது சார்," என்றார்.

நாங்கள் இறங்கி நடந்தோம். அவர் இடது கால் செருப்பைக் காரிலேயே விட்டுவிட்டதைக் கொஞ்ச தூரம் போன பிறகுதான் கவனித்தார். திரும்பிப் போய் எடுக்கவில்லை. மற்றதையும் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டு வெறுங்காலில் நடந்தார். ஒரு கடையில் நிறுத்தி, சில்லென்ற சோடா பாட்டிலை வாங்கி என் நெற்றியில் வைத்து அழுத்தினார். அவருடைய வலது மணிக்கட்டு வீங்கத் தொடங்கியிருந்தது. அதில் பாட்டிலை வைத்துக்கொள்ளும்படி நான் சொன்னேன். அவர் கேட்கவில்லை.

ஏன் அந்தப் பக்கம் அடித்தீர்கள் என்று கேட்டேன்.

அவர் பாட்டிலை என் நெற்றியிலிருந்து எடுக்காமலே சொன்னார். "அங்க கொழந்த அந்தப் பக்கம்தான் ஒக்காரும், கண்ணு. பிரேக் போட்டா கை தானா போயிடுது."

அப்பாடா என்று எனக்கு ஆறுதலாக இருந்தது. இவ்வளவுதானா? ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்தால் பக்கத்துச் சீட்டு வலப்பக்கம்தானே இருக்கும். அதில் உட்காருகிற குழந்தையும் வலப்பக்கம்தானே இருக்கும். வைப்பரைப்போல, கிளட்சைப்போல இதுவும் ஒன்று. இதற்கும் மாமா ஏதாவது வழி கண்டுபிடிப்பார் என்று நினைத்தேன். வலது கையையும் ஒரு கயிற்றால் கட்டிவிட்டால் போயிற்று.

மாமாவிடம் வழி எதுவும் இல்லை. கோபம்தான் இருந்தது. கையில் கொடுத்த வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்த ஆளை அவர் பார்த்ததே இல்லையாம். குவைத் சம்பளம் கண்ணை மறைக்கிறது என்றார். செங்கல் சுமந்த கை வலிக்கிறது என்றார். நைனா வாசலில் போய் நின்றார். அவர் மணிக்கட்டில் அந்தச் சிவப்புக் கயிறு இன்னும் இருந்தது.

அம்மா வேலை முடிந்து வந்தாள். மாம்பழ வாசனையோடு என்னைத் தூக்கி விளக்கு வெளிச்சத்தில் என் நெற்றியைப் பார்த்தாள். எப்படி அடிபட்டது என்று கேட்டாள். நானே முந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு அப்போது உற்சாகமாகவே இருந்தது. வேறு யாருக்கும் தெரியாத ஒரு விஷயம் எனக்குத் தெரிந்திருந்தது. குவைத்தில் குழந்தை வலப்பக்கம் உட்காரும் அம்மா, அதனால் பிரேக் போட்டால் நைனா கை தானாக அந்தப் பக்கம் போய்விடும், கதவில் மோதியது அதனால்தான் என்று கையை நீட்டி நடித்துக் காட்டினேன். எந்தக் குழந்தை என்று மாமா கேட்கவில்லை. நானும் கேட்டிருக்கவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. அவள் வாசலில் நின்ற நைனாவைப் பார்த்தாள். அவர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்பே அவர் குவைத்துக்குப் போய்விட்டார். நான் இதையே வகுப்பில் போய்ச் சொன்னேன். போர்டில் இரண்டு கார் வரைந்து, இந்தக் காரில் குழந்தை இங்கே, அந்தக் காரில் குழந்தை அங்கே என்று விளக்கினேன். டீச்சர் எல்லோரையும் கைதட்டச் சொன்னார். ஒரு கை யோசிக்காமல் தானாக நீள வேண்டுமென்றால் எத்தனை காலைகள், எத்தனை சாலைகள், எத்தனை பிரேக்குகள் அவர் வேலை பார்த்த வீட்டின் குழந்தையோடு போயிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கைக்கு ஒரு குழந்தை இருந்தது என்பதும், அது நான் இல்லை என்பதும், காரில் அவர் என்னையும் கையையும் மாறி மாறிப் பார்த்தது அதனால்தான் என்பதும் எனக்குத் தெரியாது.

அம்மாவுக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. அவள் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து, என்னை மடியில் போட்டுக்கொண்டு நெற்றியில் ஒத்தடம் கொடுத்தாள். உப்பு ஆறிப்போயிற்று. அவள் நிறுத்தவில்லை. எனக்குத் தூக்கம் வந்தது. வலிக்கவே இல்லை அம்மா, வீக்கம் எப்போதோ வடிந்துவிட்டது என்று நான் அவளிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.